3 அடிக்கு 2 அடி: ஒரு வெள்ளைப் பலகையும் செல் உயிரியல் இறுதித் தேர்வும்

இடைப்பருவத் தேர்வில் எனக்குக் கிடைத்தது 100க்கு 41. படிக்காமல் வாங்கிய மதிப்பெண் என்றால் மனம் ஆறியிருக்கும். பாடநூலின் ஒன்பது அத்தியாயங்களை மூன்று முறை படித்திருந்தேன். மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என்று மூன்று நிறங்களில் கோடிட்டிருந்தேன். வினாத்தாளில் ஒரு கேள்வி: "டி.என்.ஏ. லைகேஸ் செயலிழந்த பாக்டீரியாவில் எதைக் காண்பீர்கள்?" லைகேஸ் என்ற நொதியைப் பற்றிய வரி வலப்பக்கத்தில், கடைசிப் பத்திக்கு முந்தைய பத்தியில், மஞ்சள் நிறத்தில் இருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த வரி என்ன சொன்னது என்பது மட்டும் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் வாங்கியதுதான் இந்தப் பலகை. 3 அடி அகலம், 2 அடி உயரம், அலுமினிய விளிம்பு, மெலமைன் பூச்சு. கூடவே கறுப்பு, நீலம், சிவப்பு, பச்சை மார்க்கர்கள் ஒவ்வொன்று, ஒரு டஸ்டர். காந்தம் ஒட்டாது. சுவரில் ஆணி அடிக்க முடியாததால் ஒரு நாற்காலியின் மேல் சாய்த்து வைத்தேன். இறுதித் தேர்வுக்கு முந்தைய 18 நாள்களும் இதன் எதிரில், தரையில் உட்கார்ந்துதான் படித்தேன். எழுதும் பொருளாக இதில் குறைகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் படிப்பவர்களுக்கு நான் வாங்கச் சொல்லும் முதல் பொருள் இதுதான்.

முதல் நாள் வரைந்தது டி.என்.ஏ. இரட்டிப்பாதலின் கவை, அதாவது நகலெடுப்பதற்காக இரண்டு இழைகளும் பிரியும் இடம். புத்தகத்தை மூடிவிட்டு நீல மார்க்கரால் இரண்டு கோடுகள் இழுத்தேன், ஒரு முனையில் பிரித்தேன், பிரியும் இடத்தில் பச்சையில், இழைகளைப் பிரிக்கும் நொதியான ஹெலிகேஸின் பெயரை எழுதினேன். அதுவரை சுகமாகப் போயிற்று. பிறகு புதிய இழைகளை வரையத் தொடங்கியபோது இரண்டையும் ஒரே திசையில், கவையை நோக்கியே வளர்த்துவிட்டேன். ஏதோ தவறு என்று தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. பின்தங்கும் இழையின் குட்டித் துண்டுகளான ஒகசாகி துண்டுகள் எங்கே வரவேண்டும்? வைப்பதற்கு என் படத்தில் இடமே இல்லை. இத்தனைக்கும் "பின்தங்கும் இழை துண்டு துண்டாக உருவாகிறது" என்ற வாக்கியத்தை என்னால் தூக்கத்திலும் சொல்ல முடியும்.

அழித்தேன். இந்த முறை வேறொன்றும் எழுதாமல் முனைகளை மட்டும் குறித்தேன்: மேல் இழைக்கு இடமிருந்து வலமாக 3 பிரைம், 5 பிரைம், கீழ் இழைக்கு எதிர்ப்புறமாக. புதிய இழையைக் கட்டும் நொதியான பாலிமரேஸ், புதிய நியூக்ளியோடைடை (இழையின் ஓர் அலகை) 3 பிரைம் முனையில்தான் சேர்க்கும். அந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு அம்புக்குறி போட்டபோது, கவை வலப்பக்கம் திறந்துகொண்டே போனால், மேல் இழையின் நகல் தடையின்றிக் கவையைப் பின்தொடர்கிறது. கீழ் இழையின் நகல் கவைக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டியிருக்கிறது. கவை மேலும் திறந்ததும் மறுபடி முன்னே வந்து புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. துண்டுகள் தாமாகவே படத்தில் வந்து உட்கார்ந்தன. ஒவ்வொரு தொடக்கத்துக்கும் பிரைமர் என்ற தொடக்கத் துண்டு ஒன்று வேண்டும், அது ஆர்.என்.ஏ., ஆகவே சிவப்பு. அதைப் பின்னால் நீக்க ஆள் வேண்டும்: பாலிமரேஸ் 1. நீக்கிய இடம் நிரம்பிய பிறகும் துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் ஒரு பிணைப்பு விடுபட்டிருக்கும். அதை இணைப்பது லைகேஸ். 41 மதிப்பெண் தேர்வில் நான் தேடிய விடை அங்கே, என் கையெழுத்தில் இருந்தது: லைகேஸ் இல்லையென்றால் இணையாத குட்டித் துண்டுகள் குவியும்.

அந்தப் படத்துக்கு முதல் நாள் 40 நிமிடம் ஆயிற்று, நான்கு முறை புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்பதாவது முறை வரைந்தபோது ஆறே நிமிடம், புத்தகம் அலமாரியில் இருந்தது. இடையில் எண்களையும் ஏற்றிக்கொண்டேன். ஈ.கோலை பாக்டீரியாவில் கவை விநாடிக்குச் சுமார் 1000 நியூக்ளியோடைடு வேகத்தில் நகர்கிறது. ஒகசாகி துண்டு ஒன்றின் நீளம் 1000 முதல் 2000 வரை. அப்படியானால் ஒன்றிரண்டு விநாடிக்கு ஒருமுறை பின்தங்கும் இழையில் புதிய துண்டு தொடங்கியாக வேண்டும். இந்தக் கணக்கு எந்தப் பக்கத்திலும் கோடிட வேண்டிய வாக்கியமாக இருக்கவில்லை. பலகையில் இரண்டு எண்களும் அருகருகே கிடந்ததால் கண்ணில் பட்டது.

நோட்டுப் புத்தகத்தில் வரைந்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். போதவில்லை. நோட்டில் நேற்றைய படம் முந்தைய பக்கத்தில் இருக்கும், கை தன்னையறியாமல் புரட்டிப் பார்க்கும். பலகையில் நேற்றையது இல்லை. ஒவ்வொரு காலையும் வெறும் வெள்ளையில் தொடங்குகிறோம். இதைப் பற்றி ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்கள், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் என இரு பிரிவு. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் எழுதிப் பார்த்தவர்கள் வெகுவாக முந்தினார்கள். மூன்று நிறக் கோடுகளோடு நான் ஏமாந்தது அந்த ஐந்து நிமிட நினைவை நம்பித்தான்.

இனி நிறங்கள். நீலம் டி.என்.ஏ., சிவப்பு ஆர்.என்.ஏ., பச்சை புரதம், கறுப்பு சவ்வுகளுக்கும் அம்புகளுக்கும். நான்கு மார்க்கர்கள்தான் இருந்தன என்பதால் வசதிக்காக வைத்துக்கொண்ட ஒழுங்கு இது. நான்காம் நாள் அது என்னை ஓர் இடத்தில் நிறுத்தியது. புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோமை எந்த நிறத்தில் வரைவது? பச்சையை எடுத்தேன், கை நின்றது. ரைபோசோமில் புரதங்கள் உண்டு, ஆனால் அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பை உருவாக்கும் இடம் ஆர்.என்.ஏ.வால் ஆனது. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவரும் 2009இல் நோபல் பரிசு பெற்ற வேலை இந்த ரைபோசோமின் கட்டமைப்பைப் பற்றியதுதான். ஆகவே நடுவில் சிவப்பு, ஓரங்களில் பச்சை. அதன் பிறகு இப்படி இரண்டு நிறமும் கேட்கும் பொருள்களைத் தேடத் தொடங்கினேன். புதிய புரதத்தின் முகவரி போன்ற அறிகுறித் தொடரை அடையாளம் கண்டு ரைபோசோமை அகப்பிளாச வலைக்கு அழைத்துப்போகும் துகள், ஆர்.என்.ஏ.வின் இடைப்பகுதிகளான இன்ட்ரான்களை வெட்டி நீக்கும் ஸ்ப்லைசோசோம், குரோமோசோம் முனைகளை நீட்டும் டெலோமரேஸ். நான்கும் நான்கு வெவ்வேறு அத்தியாயங்களில் வருபவை. பலகையின் ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாக வரிசையில் நின்றபோது அவை ஒரே குடும்பமாகத் தெரிந்தன. இந்தப் பாடத்தின் மேல் எனக்கு உண்மையான பிரியம் வந்த நாள் அது.

அடுத்ததாக லாக் ஓப்பரான்: லாக்டோஸை உடைக்கும் மரபணுக்களும் அவற்றைக் கட்டுப்படுத்தும் இடமும் சேர்ந்த பாக்டீரியா டி.என்.ஏ. பகுதி. இதில் அக்காவுக்குப் பங்கு உண்டு. அக்கா கணக்குத் துறையில் வேலை செய்கிறார், உயிரியல் பள்ளியோடு சரி. மாலையில் வந்து பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பலகையைப் பார்ப்பார்.

பிரெஞ்சு உயிரியலாளர்களான ஜேக்கபும் மோனோவும் 1961இல் முன்வைத்த மாதிரி இது. லாக்டோஸ் இல்லாதபோது அடக்கிப் புரதம் ஆப்பரேட்டர் என்ற இடத்தில் உட்கார்ந்து, மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்தலைத் தடுக்கிறது. லாக்டோஸ் வந்தால் அதன் வழிப்பொருளான அல்லோலாக்டோஸ் அடக்கியோடு சேர்ந்து அதை எழுப்பிவிடுகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். தேர்வில் கேட்பது இதை அல்ல. ஒரே செல்லில் ஓப்பரானின் இரண்டு பிரதிகளை வைத்து, ஒன்றில் அடக்கியின் மரபணுவைக் கெடுத்து, இன்னொன்றில் லாக்டோஸை உடைக்கும் நொதியின் மரபணுவைக் கெடுத்து, "இந்தச் செல் லாக்டோஸ் இல்லாமலேயே நொதியை உற்பத்தி செய்யுமா?" என்று கேட்பார்கள். இந்தக் கணக்குகளில் நான் எப்போதும் ஊகித்துத்தான் எழுதுவேன்.

பலகையில் இரண்டு நீலக் கோடுகள் வரைந்தேன், ஒன்றின் கீழ் ஒன்று. மேல் கோட்டில் அடக்கியின் மரபணு கெட்டுவிட்டது, நொதியின் மரபணு நல்லது. கீழ்க் கோட்டில் அடக்கி நல்லது, நொதி கெட்டது. அடக்கிப் புரதத்துக்காக ஒரு சிறு காகிதச் சீட்டை வெட்டி, கீழ்க் கோட்டின் ஆப்பரேட்டரில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மேலே அடக்கி இல்லை, அதனால் அந்த நொதி எப்போதும் உற்பத்தியாகும்" என்று எனக்கு நானே விளக்கினேன்.

"அந்தச் சீட்டு ஏன் கீழேயே நிற்கிறது? மேலேயும் அதே மாதிரி இடம் இருக்கிறதே, போய் உட்காராதா?" என்று கேட்டார் அக்கா.

உட்காரும். அடக்கி ஒரு புரதம், செல்லுக்குள் மிதந்து போய் எந்தப் பிரதியிலும் உட்காரும். கீழ்ப் பிரதி செய்த அடக்கி மேல் பிரதியையும் அடக்கும். ஆகவே லாக்டோஸ் வந்தால்தான் நொதி வரும். சீட்டை மேலே நகர்த்தினேன்.

அடுத்த கணக்கில் மேல் கோட்டின் ஆப்பரேட்டரையே கெடுத்தேன். சீட்டைக் கொண்டுபோனேன், உட்கார இடம் இல்லை. "இப்போது அந்தச் சீட்டு எத்தனை இருந்தாலும் பிரயோசனம் இல்லை, இல்லையா? கீழே நல்ல இடம் இருக்கிறது என்பதால் மேலே இருப்பதற்கு என்ன லாபம்?" என்றார் அக்கா. அவ்வளவுதான். ஆப்பரேட்டர் டி.என்.ஏ.வின் ஒரு பகுதி, அது எங்கேயும் போகாது, தான் இருக்கும் கோட்டை மட்டுமே கட்டுப்படுத்தும். அடக்கி அலையும், ஆப்பரேட்டர் அலையாது. அன்று இரவு எட்டுக் கணக்குகள் போட்டேன், எட்டும் சரி. குளுக்கோஸும் இருந்தால் என்ன ஆகும் என்ற இரண்டாவது சுற்றை மறுநாள் சேர்த்தேன்: குளுக்கோஸ் இருக்கும்போது சுழல் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞை மூலக்கூறு குறையும், ஊக்குவிக்கும் புரதம் இணையாது, லாக்டோஸ் இருந்தும் படியெடுத்தல் மந்தமாகவே நடக்கும்.

உயிரியல் தெரியாத ஒருவரைப் பலகைக்குப் பின்னால் உட்கார வைப்பதைக் கட்டாயம் பரிந்துரைக்கிறேன். தெரிந்தவர்கள் நம் படத்தின் ஓட்டையைத் தங்கள் அறிவால் நிரப்பிக்கொண்டு பார்ப்பார்கள்.

டி.என்.ஏ. எப்படி இரட்டிப்பாகிறது என்று காட்ட மெசல்சன், ஸ்டால் 1958இல் வெளியிட்ட சோதனைக்கு நான்கு குழாய்கள் வரைந்தால் போதும். பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜனில் வளர்த்து லேசான நைட்ரஜனுக்கு மாற்றினால், அடர்த்திப்படி குழாயில் பிரியும் டி.என்.ஏ. முதல் தலைமுறையில் நடுவில் ஒரே பட்டை, இரண்டாவதில் நடுவிலும் மேலேயுமாக இரண்டு பட்டைகள். மூன்றாவதில் எட்டு மூலக்கூறுகளில் இரண்டு மட்டும் நடுவில். ஐந்து நிமிட வேலை. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் தரலாம். புரோட்டான்கள் வெளியேறும் பாதையைக் கறுப்பில் போட்டு, ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை (ATP) உருவாக்கும் ஏ.டி.பி. சிந்தேஸ் வழியாக உள்ளே வரும் அம்பை விரலால் அழித்துப் பாருங்கள். ஆலிகோமைசின் என்ற தடுப்பான் செய்வது அதுதான்: புரோட்டான்கள் வெளியே தேங்கும், ஆக்சிஜன் பயன்பாடும் குறைந்துவிடும். இப்போது சவ்வில் வேறொரு ஓட்டை போடுங்கள். டைநைட்ரோபீனால் என்ற வேதிப்பொருள் செய்வது அது: ஆக்சிஜன் பயன்பாடு மறுபடி ஏறும், ஏ.டி.பி. வராது. அழிக்கக்கூடிய கோடு என்பதால்தான் இந்தக் கேள்விகளைப் பலகையில் கேட்டுப் பார்க்க முடிகிறது.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை, பலகை நம்மைத் திருத்தாது. ஏழாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை செல்லுக்குள் புரதங்களை ஏற்றிச்செல்லும், காப் 1, காப் 2 பூச்சுள்ள நுண்பைகளை இடம் மாற்றி வரைந்துகொண்டிருந்தேன். அகப்பிளாச வலையிலிருந்து கோல்கிக்கு முன்னே போவது காப் 2, திரும்பி வருவது காப் 1. மூன்று நாளும் படம் அழகாக இருந்தது, அம்புகள் நேராக இருந்தன, ஆகவே சரிபார்க்காமல் அழித்துவிட்டேன். தவறை மூன்று முறை பயிற்சி செய்தால் அது சரியானதைவிட உறுதியாகப் பதிந்துவிடுகிறது. அதை மாற்ற மேலும் நான்கு நாள் பிடித்தது. அதன் பிறகு ஒரு நடைமுறை வைத்துக்கொண்டேன்: வரைந்து முடித்ததும் கைபேசியில் படம் எடுப்பது, புத்தகத்தைத் திறந்து ஒப்பிடுவது, தவறுகளின் மேல் வட்டம் போட்டு இன்னொரு படம் எடுப்பது, அப்புறம்தான் அழிப்பது.

இரண்டாவது, பட்டியல்களுக்கு இது உதவாது. 20 அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகள், எந்தத் தடுப்பான் எந்த நொதியைப் பிடிக்கிறது, செல்லின் சட்டகமான எந்த இன்டர்மீடியட் இழை எந்தத் திசுவில் என்பவற்றையெல்லாம் பலகையில் எழுதி அழிப்பது நேர விரயம். அவற்றுக்கு ஆன்கி செயலியில் அட்டைகள் போட்டுக்கொண்டேன், பேருந்தில் போகும்போது பார்த்தேன். அட்டை தனித் தகவலுக்கு, பலகை தொடர் நிகழ்வுக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, சிட்ரிக் அமிலச் சுழற்சியை 16 அட்டைகளாக உடைத்த நண்பர் ஒருவருக்கு எல்லாப் பெயரும் தெரியும், எது எதற்கு அடுத்தது என்பது தெரியாமல் திணறினார்.

பொருளாகப் பார்த்தால், மெலமைன் பூச்சு நீண்ட நாள் தாங்காது. இரண்டாவது வாரத்திலேயே அழித்த கோடுகளின் சாயல் தங்கத் தொடங்கியது, சிவப்பில் மிக அதிகம். படத்தை இரவு முழுதும் விட்டுவைத்தால் டஸ்டருக்கு வராது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். சாயல் தங்கினால் வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். நேற்றைய அம்பு மங்கலாகத் தெரிந்தால் கண் அதைப் பார்த்து வரையும், பலகையின் பயனே போய்விடும். எனாமல் பூசிய எஃகுப் பலகையிலும் கண்ணாடிப் பலகையிலும் இந்தத் தொல்லை மிகக் குறைவு, ஆனால் எடை அதிகம், நாற்காலியில் சாய்க்க முடியாது. ஒருநாள் அழியாத மார்க்கரைத் தவறி எடுத்து ஒரு நியூக்ளியோசோம் (ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிய டி.என்.ஏ.) முழுவதையும் வரைந்துவிட்டேன். அழியும் மார்க்கரால் அதே கோடுகளின் மேல் எழுதி உடனே துடைத்தபோது வந்துவிட்டது. அந்த மார்க்கரில் உள்ள கரைப்பான் பழைய மையையும் இளக்கிவிடும்.

கூட வந்த மார்க்கர்களின் முனை மிகத் தடிமன். ஹிஸ்டோன் பெயர்களை எழுத முடியாது. மெல்லிய முனையுள்ள தொகுப்பு ஒன்றைத் தனியாக வாங்குங்கள். மார்க்கர்களைப் படுக்க வைத்தே வையுங்கள். முனை மேலே இருக்கும்படி குவளையில் நிறுத்தி வைத்த கறுப்பு மார்க்கர் ஆறு நாளில் மங்கிவிட்டது.

இறுதித் தேர்வில் லைகேஸ் மறுபடி வந்தது, வேறு உருவில்: வெப்பநிலையை உயர்த்தினால் லைகேஸ் செயலிழக்கும் திரிபுப் பாக்டீரியா, புதிய டி.என்.ஏ.வின் நீளம் எப்படி மாறும்? விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் கவையை வரைந்தேன். நிறம் இல்லை, ஆனால் கை எந்த இடத்தில் எந்தக் கோடு என்று அறிந்திருந்தது. ஓப்பரான் கணக்கு இரண்டு வந்தன, இரண்டிலும் அக்காவின் சீட்டை நகர்த்திப் பார்த்துத்தான் எழுதினேன். 78 மதிப்பெண். இழந்தவற்றில் பாதிக்குமேல் செல் சமிக்ஞைப் பகுதியில் போனது. செல்லின் மேற்பரப்பில் உள்ள டைரோசின் கைனேஸ் ஏற்பியிலிருந்து ராஸ் என்ற புரதத்தின் வழியாக உட்கருவுக்குப் போகும் தொடரை 18 நாளில் இரண்டே முறைதான் வரைந்திருந்தேன். ராஸில் GDP போய், அதைவிட ஒரு பாஸ்பேட் கூடுதலான GTP வந்ததா, GTP போய் GDP வந்ததா என்று தடுமாறும் அளவுக்கு அந்தப் படம் எனக்குள் இல்லை.

வாங்குவதானால் 3 அடிக்கு 2 அடியைவிடச் சிறிதாக வாங்க வேண்டாம். கைக்கடக்கமான சிறு பலகையை நண்பர் ஒருவரிடம் வாங்கிப் பார்த்தேன். கவை வரைந்தால் டி.என்.ஏ.வின் முறுக்கைத் தளர்த்தும் டோபோஐசோமரேஸுக்கு இடமிருக்காது, இடமில்லாததை மனம் மறந்தும்விடும். மிக நெருக்கமாக எழுதுபவர்களுக்கு இன்னும் பெரியது நல்லது. எனக்கு அடுத்த பருவத்தில் நோயெதிர்ப்பியல். ஆன்டிபாடி, ஏற்பி, சைட்டோகைன் எல்லாமே புரதங்கள் என்பதால் பச்சை மார்க்கர் மட்டும் மூன்று வாங்கி, படுக்க வைத்திருக்கிறேன்.